காயத்தில் கிடந்த மாதங்களை எங்கள் கடனாக எழுதாதீர்கள்: மல்யுத்த நிறுவன நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

என் மாணவி ஒருத்தியின் ஒப்பந்தம் முடிய மூன்று வாரங்களே இருந்த நிலையில், சென்ற மாதம் உங்கள் சட்டப் பிரிவிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் ரிங்குக்குள் இறங்காமல் இருந்த எட்டு மாதங்களும் ஒப்பந்தக் காலத்தின் இறுதியில் சேர்க்கப்படுகின்றன என்றும், அந்த எட்டு மாதங்கள் முடியும்வரை வேறு எந்த நிறுவனத்தோடும் பேசுவது ஒப்பந்த மீறலாகக் கொள்ளப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. அவள் அதைத் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்துவிட்டு, "மாஸ்டர், அப்படியானால் நான் வலியில் படுத்துக் கிடந்த நாளெல்லாம் வேலை செய்யாத நாளா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் நிறுவனத்தின் பெயரை இதில் நான் எழுதவில்லை. ஒரு நிறுவனத்தோடு நிற்கிற வழக்கமாக இது இருந்திருந்தால் எழுதியிருப்பேன். ஆட்டத்தின் முடிவு முன்பே எழுதப்படும் இந்தக் காட்சி மல்யுத்தத் தொழிலில் யாரிடம் கையெழுத்துப் போட்டாலும் இதே பத்தி ஒப்பந்தத்தின் எங்கோ ஒரு பக்கத்தில் காத்திருக்கிறது என்பதை நீங்களும் அறிவீர்கள், உங்கள் போட்டி நிறுவனங்களும் அறியும். ஆகவே இது உங்களுக்கு எழுதப்பட்டாலும், அவர்களும் படிக்கட்டும் என்றே பொதுவில் வைக்கிறேன்.

இதே கடிதம் பல ஆண்டுகளுக்கு முன் எனக்கும் வந்தது. அப்போது உங்களிடம் ஒன்பதாவது ஆண்டாக ஆடிக்கொண்டிருந்தேன். ரிங் எப்படி அமைக்கப்படுகிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகைகளை அடுக்குகிறார்கள். அவற்றின் மேல் மெல்லிய நுரை விரிப்பு. அதற்கும் மேல் இழுத்துக் கட்டிய கித்தான். தொலைக்காட்சியில் மெத்தை போலத் தெரிவது மரம். அன்றைய இரவில் மூன்றாவது ஆட்டத்தின்போதே ஒரு மூலையில் பலகை விலகிவிட்டது. நடுவர் அதைக் கவனித்து, கீழே நின்ற பொறுப்பாளரிடம் சொன்னார். இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. ஐந்தாவது ஆட்டம் என்னுடையது. எதிராளியைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது என் இடது கால் கித்தானோடு சேர்ந்து அந்த இடைவெளிக்குள் இறங்கியது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. ஈரத்துணியைக் கிழிப்பது போன்ற ஒரு சத்தம் முழங்காலுக்குள்ளிருந்து கேட்டது. எதிராளி என் காதருகே குனிந்து, முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். எஞ்சிய நான்கு நிமிடங்களையும் ஒற்றைக் காலில் ஆடி, முன்பே தீர்மானித்திருந்தபடி அவருக்குத் தோற்றுக் கொடுத்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

அறுவை சிகிச்சைக்கான செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் பதினோராவது வாரத்தில், காலில் கட்டிய இரும்புப் பட்டையைக் கழற்றக்கூட மருத்துவர் அனுமதிக்காத நிலையில், நான் ஆடாத நாட்கள் அனைத்தும் ஒப்பந்தத்தின் முடிவில் கூட்டப்படும் என்று இரண்டே பத்திகளில் ஒரு கடிதம் வந்தது. கடைசியில் அந்தக் கணக்கு 214 நாட்களில் வந்து நின்றது. அந்த 214 நாட்களும் நான் சும்மா இருந்தேனா என்பதை உங்கள் பதிவேடுகளைத் திறந்து பாருங்கள். ஊன்றுகோலோடு எட்டு ஊர்களுக்கு வந்து ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டேன். வர்ணனையாளர் மேசையில் உட்கார்ந்து பேசினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, என் முழங்கால் பிறழ்ந்த அந்தக் காட்சியை வாரந்தோறும் ஒளிபரப்பி, வேண்டுமென்றே என் காலை முறித்தவர் என்று எதிராளியைக் கொடியவராகச் சித்தரித்து, அதைக் கொண்டே நான்கு மாதங்களுக்குக் கதை நடத்தி டிக்கெட் விற்றீர்கள். பலகை உங்களுடையது, காட்சி உங்களுடையது, அதில் வந்த வருமானமும் உங்களுடையது. அப்படியிருக்க, நாட்கள் மட்டும் என் பெயரில் கடனாக எழுதப்பட்டது எந்த நியாயம் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் திரும்பி வரும்போது எனக்கு ஆட்டமே தரமாட்டார்கள் என்ற அச்சத்தில் வாய்மூடி இருந்தேன். அன்று நான் காத்த மௌனத்தின் விலையை இன்று என் மாணவி கொடுக்கிறாள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இந்தக் கணக்கு முறை மல்யுத்தத்தில் பிறந்ததல்ல. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் ஏழாண்டு ஒப்பந்தத்தில் நடிகர்களைக் கட்டிவைத்திருந்த காலத்தில், கொடுத்த வேடத்தை மறுத்தவர்களைச் சம்பளமின்றி இடைநிறுத்தி, அந்த இடைநிறுத்தக் காலத்தையும் ஒப்பந்தத்தின் முடிவில் சேர்த்துவந்தார்கள். ஒலிவியா டி ஹாவிலேண்ட் என்ற நடிகை வார்னர் பிரதர்ஸ் மீது இதற்காக வழக்குத் தொடுத்தார். ஏழாண்டு என்றால் நாட்காட்டியில் ஓடுகிற ஏழாண்டுதான், அதை இழுத்து நீட்ட முடியாது என்று 1944இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் தாமாக வேடத்தை மறுத்தவர். என் மாணவி எதையும் மறுக்கவில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த ஆட்டத்தை, நீங்கள் சொன்னபடி ஆடும்போது தோள்பட்டை கழன்று விழுந்தவள். வேடத்தை மறுத்தவருக்கே எண்பது ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்படாத நியாயம், கட்டளைப்படி ஆடிக் காயப்பட்டவளுக்கு இன்று மறுக்கப்படுகிறது.

எட்டு மாதம்தானே, பெரிய இழப்பா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அவர்களுக்கு லூக் ஹார்ப்பர் என்ற வீரரை நினைவூட்ட விரும்புகிறேன். டபிள்யூடபிள்யூஇ (WWE) என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தில் நல்ல பெயரெடுத்தும் பெரும்பாலும் பின்வரிசையிலேயே நிறுத்தப்பட்ட அவர், 2019 ஏப்ரலில் தம்மை விடுவிக்கும்படி வெளிப்படையாகக் கேட்டார். விடுவிப்பு மறுக்கப்பட்டது, மணிக்கட்டுக் காயத்தால் ஆடாத மாதங்கள் அவருடைய ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. 2019 டிசம்பரில்தான் விடுதலை கிடைத்தது. 2020 மார்ச்சில் பிராடி லீ என்ற தமது பழைய பெயரோடு ஏஇடபிள்யூ (AEW) என்ற போட்டி நிறுவனத்தில் தோன்றி, அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கே சாம்பியன் பெல்ட் வென்றார். ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 26 அன்று, நுரையீரல் நோயால் மறைந்தார். வயது 41. அவருக்கு வந்த நோய்க்கு யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் விடுவிக்கக் கேட்ட நாளுக்கும் விடுவித்த நாளுக்கும் இடையே கடந்துபோன எட்டு மாதங்கள், அந்த மனிதருக்கு மிஞ்சியிருந்த காலத்தில் எவ்வளவு பெரிய பங்கு என்று எண்ணிப் பார்க்கும்படி கேட்கிறேன். எங்கள் தொழிலில் உடம்பு ஒத்துழைக்கும் ஆண்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றை எண்ணுவது நீங்கள், வாழ்வது நாங்கள்.

அடுத்து, ஒப்பந்தத்தின் முதல் பக்கத்துக்கு வருகிறேன். அதில் எங்களை ஊழியர் என்று நீங்கள் எழுதுவதில்லை. சுயேச்சை ஒப்பந்ததாரர் என்று எழுதுகிறீர்கள். அதனால் விடுப்புச் சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, வரியை நாங்களே கட்டுகிறோம், ஊர் ஊராகப் போகும் வாடகைக் காருக்கும் தங்குமிடத்துக்கும் எங்களில் பெரும்பாலோர் சொந்தப் பணத்தையே செலவழிக்கிறோம். சுயேச்சையானவர் என்றால் யாருக்கு வேண்டுமானாலும் வேலை செய்யலாம் அல்லவா? மூன்றாவது பக்கத்திலேயே அது தடுக்கப்படுகிறது. எங்கே ஆடுவது, எந்த உடை அணிவது, எந்தப் பெயரில் பேசுவது, இணையத்தில் எதைப் பதிவிடுவது என அனைத்தையும் நீங்களே முடிவு செய்கிறீர்கள். 2020இல் டபிள்யூடபிள்யூஇ, வீரர்கள் ட்விட்ச், கேமியோ போன்ற தளங்களில் தாமாகச் சம்பாதிப்பதையும் கட்டுப்படுத்தியது. அந்த நவம்பரில் அதன் வீராங்கனை செலினா வேகா, தொழிற்சங்கத்தை ஆதரிக்கிறேன் என்று எழுதிய அதே நாளில் அவர் நீக்கப்பட்ட அறிவிப்பும் வந்தது. ஸ்காட் லெவி உள்ளிட்ட மூன்று முன்னாள் வீரர்கள் நாங்கள் உண்மையில் ஊழியர்களே என்று 2008இல் அதே நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றங்களில் என்ன நடந்தாலும், என் கேள்வி எளிமையானது. நாங்கள் சுயேச்சையானவர்கள் என்றால் கதவைத் திறந்துவிடுங்கள். கட்டுண்டவர்கள் என்றால் கட்டியவருக்குரிய பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டிலும் உங்களுக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒப்பந்தம் என்பது இரு தரப்பையும் கட்டும் சொல். எங்கள் தொழிலில் அது ஒரு தரப்பை மட்டுமே கட்டியிருக்கிறது. கனடிய வீரர் பிரெட் ஹார்ட்டுக்கு 1996இல் இன்றைய டபிள்யூடபிள்யூஇ இருபது ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூ தர முன்வந்த பெருந்தொகையை விட்டுவிட்டுத்தான் அவர் அதில் கையெழுத்திட்டார். ஓராண்டு போவதற்குள், இந்தத் தொகையைக் கொடுக்க இயலாது, வேறிடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியே சொல்லிவிட்டார். அவர் விலகிச் செல்லும் வேளையில், 1997 நவம்பர் 9 அன்று மான்ட்ரியாலில், தம் சொந்த நாட்டு ரசிகர்களின் முன்னால், அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளாதபோதே மணியை அடிக்கச் செய்து பெல்ட்டைப் பறித்தார்கள். இருபது ஆண்டு வாக்குறுதியை ஒரே ஆண்டில் நிறுவனம் உதறலாம். எட்டு மாதம் முன்னதாகப் போகிறேன் என்று வீரர் கேட்டால் அது மீறல். 2020 ஏப்ரல் 15 அன்று, பெருந்தொற்றின் நடுவே, ஒரே நாளில் டபிள்யூடபிள்யூஇ பல வீரர்களை விடுவித்தது. அவர்களில் எவருடைய ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுகள் மிச்சமிருந்தன என்ற கணக்கு அன்று யாருக்கும் தேவைப்படவில்லை.

உங்கள் தரப்பு அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. 1995 டிசம்பரில் மதூசா என்ற வீராங்கனை, தாம் வைத்திருந்த போட்டி நிறுவனத்தின் மகளிர் பெல்ட்டை டபிள்யூசிடபிள்யூவின் நேரடி ஒளிபரப்பில் குப்பைத் தொட்டியில் போட்டார். அதே ஆண்டு செப்டம்பரில், ஒப்பந்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்த லெக்ஸ் லூகர், முந்தைய நாள் ஓரிடத்தில் ஆடிவிட்டு மறுநாள் எதிரணியின் தொலைக்காட்சியில் வந்து நின்றார். ஒரு வீரரை மக்கள் முன் உருவாக்க நீங்கள் செலவிடும் பணமும் நேரமும் உண்மையானவை; நடந்துகொண்டிருக்கும் கதையின் நடுவே அவர் எழுந்து போனால் நட்டம் ஏற்படும் என்பதும் உண்மை. சாம்பியனாக இருப்பவர் பெல்ட்டை முறைப்படி இழந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நீங்கள் கேட்டால், நான் உங்கள் பக்கம் நிற்பேன். பெல்ட்டை ரிங்கில் கொடுத்துவிட்டுப் போவதுதான் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட மரியாதை. நானும் என் மாணவர்களுக்கு அதையே சொல்லித் தருகிறேன்.

ஆனால் அந்த அச்சத்துக்காக எழுதப்பட்ட விதிகள் அச்சத்தின் அளவைத் தாண்டிப் போய்விட்டன. 2004இல் டபிள்யூடபிள்யூஇயை விட்டுப் போன பிராக் லெஸ்னர், 2010 வரை வேறெங்கும் மல்யுத்தம் செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு வெளியேற நேர்ந்தது. ஆறு ஆண்டுகள்! அவர் ஜப்பான் ரிங்கில் இறங்கியதும், வழக்காடியதும், 2006இல் சமரசமானதும் எல்லோரும் அறிந்தவை. அவரிடம் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இருந்தது. எங்களைப் போன்றவர்களிடம் அது கிடையாது. என்னை விடுவித்தபோது, வேறு நிறுவனங்களில் ஆடக்கூடாது என்று தொண்ணூறு நாள் போட்டித்தடை விதித்தீர்கள். அந்த நாட்களுக்கு அடிப்படைத் தொகையை மட்டும் தந்தீர்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் வரும் பணமும், என் படம் போட்ட சட்டை விற்பனையில் வரும் பங்கும் நின்றுபோயின. ஏற்கெனவே கூட்டப்பட்ட 214 நாட்கள், அதன்மேல் இந்தத் தொண்ணூறு. என்னை அழைத்திருந்த நிறுவனம் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அது இயல்பு, அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

வெளியே வந்த பிறகும் ஒரு பொருளை உங்களிடம் விட்டுவர வேண்டியிருந்தது: என் பெயர். உங்களிடம் சேர்வதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, சிறிய அரங்குகளில் நாற்பது ஐம்பது பேருக்கு முன்னால் ஆடிச் சம்பாதித்த பெயர் அது. சேர்ந்த ஆண்டிலேயே அதை உங்கள் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டீர்கள் என்பது, விலகிய பிறகு வந்த எச்சரிக்கைக் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். என் பயணப் பையிலும் ஆட்ட உடையிலும் தைத்திருந்த அந்த எழுத்துகளை, ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து என் மனைவி பிளேடால் நூல் நூலாகப் பிரித்தெடுத்தாள். துணியில் எழுத்தின் தடம் மட்டும் போகவில்லை. தந்தை டஸ்டி ரோட்ஸ் ஊரறிய வளர்த்த பெயரையே, 2016இல் டபிள்யூடபிள்யூஇயிலிருந்து வெளியேறிய கோடி ரோட்ஸால் நான்கு ஆண்டுகள் பயன்படுத்த முடியாமல், வெறும் கோடி என்றே ஆட வேண்டியிருந்தது. அவருக்கே அந்த நிலை என்றால், பெயர் தெரியாத இளம் வீரர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் உருவாக்கிக் கொடுத்த பெயரை நீங்கள் வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. கொண்டுவந்த பெயரைத் திருப்பிக் கொடுங்கள்.

வீரர் இடம் மாற முடிவதுதான் அவருக்குப் பேரம் பேச இருக்கும் ஒரே பலம். 1986இல் ஜெசி வெஞ்சுரா என்ற வீரர் சங்கம் அமைக்கச் சக வீரர்களைத் திரட்டப் பார்த்தார். பேச்சு மேலிடத்தின் காதுக்குப் போனது, முயற்சி அங்கேயே நின்றது. இன்றுவரை எங்களுக்குச் சங்கமில்லை. தொண்ணூறுகளில் இரண்டு பெரிய நிறுவனங்கள் மோதிக்கொண்டபோது வீரர்களின் வருமானம் உயர்ந்தது. 2001 மார்ச்சில் ஒன்று மற்றொன்றை வாங்கியதும், பேரம் பேச இருந்த இரண்டாவது வாசல் மூடிக்கொண்டது. 2019இல் ஏஇடபிள்யூ தொடங்கியபின் அது மீண்டும் திறந்திருக்கிறது. இப்போது காயக் கணக்கைக் காட்டி அந்த வாசலில் ஆட்களை நிறுத்தி வைக்கிறீர்கள் என்பதே என் குற்றச்சாட்டு. இதைச் சில வீரர்களின் மனக்குறை என்று ஒதுக்கிவிட வேண்டாம். யுஎஃப்சி (UFC) என்ற கலப்புத் தற்காப்புக் கலை நிறுவனத்தின் வீரர்களுடைய ஒப்பந்தங்கள் அவர்களை வேறிடம் போகவிடாமல் பூட்டி வைத்தன என்று முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கு, 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அந்த யுஎஃப்சியும் டபிள்யூடபிள்யூஇயும் 2023 முதல் டிகேஓ என்ற ஒரே குழுமத்தின் கீழ் இருக்கின்றன.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

காயத்தால் ஆடாத நாட்களை ஒப்பந்தக் காலத்தில் சேர்க்கும் பத்தியை நீக்குங்கள். உங்கள் ரிங்கில், உங்கள் நிகழ்ச்சியில், உங்கள் பயிற்சிக்கூடத்தில் ஏற்பட்ட காயத்துக்கு இதில் விதிவிலக்கே கூடாது. அதற்கு வெளியே ஏற்பட்ட காயங்களுக்கு ஏதேனும் ஒரு கணக்கு வேண்டும் என்று நீங்கள் வாதிட்டால், அதற்கு மூன்று மாத உச்சவரம்பு வையுங்கள். அந்தக் காலத்தில் வீரரைக் கையெழுத்து நிகழ்ச்சிக்கோ வர்ணனைக்கோ அழைத்திருந்தாலும், அவருடைய காட்சியை ஒளிபரப்பியிருந்தாலும் அந்த நாட்களைக் கழித்துவிடுங்கள்.

நீங்களாக ஒருவரை விடுவிக்கும்போது போட்டித்தடை விதிக்காதீர்கள். வேண்டாம் என்று அனுப்பியவர் எங்கே போய் ஆடினால் உங்களுக்கென்ன? வீரர் தாமாக விலகும்போது தடை விதிப்பதாக இருந்தால், அது முப்பது நாட்களைத் தாண்டக்கூடாது. அந்த முப்பது நாட்களுக்கும், அதற்கு முந்தைய ஆண்டில் அவர் ஈட்டிய மொத்த வருமானத்தின் சராசரியைக் கொடுக்க வேண்டும்.

விடுவிப்புக் கேட்டு வரும் கடிதத்துக்கு முப்பது நாட்களுக்குள், காரணத்தோடு, எழுத்தில் பதில் கொடுங்கள். மாதக்கணக்கில் வீட்டில் உட்காரவைத்து, தொலைபேசியை எடுக்காமல் இருப்பது பதிலாகாது. ஒப்பந்தத்தின் கடைசி தொண்ணூறு நாட்களில் வேறு நிறுவனங்களோடு பேசும் உரிமையை ஒவ்வொரு வீரருக்கும் கொடுங்கள். சேர்வதற்கு முன்பே பயன்படுத்திய பெயர்களின் பட்டியல் ஒன்றை ஒப்பந்தத்தோடு இணைத்து, அவற்றை ஒருபோதும் பதிவு செய்வதில்லை என்று கையெழுத்திடுங்கள். கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரிடம் காட்டிவர இரண்டு வார அவகாசம் வேண்டும். எனக்கு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், லாக்கர் ரூமில், விரல்களில் டேப் சுற்றிக்கொண்டிருந்தபோது பேனாவைக் கொடுத்தீர்கள்.

கடைசியாக, என் மாணவியைப் பற்றி. முதலில் எழுதியிருந்த நாளிலேயே அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது என்று அந்த நாளுக்கு முன் எழுத்தில் உறுதி கொடுங்கள். அவள் வைத்திருக்கும் பெல்ட்டை நீங்கள் சொல்லும் ஊரில், நீங்கள் சொல்லும் எதிராளியிடம், ரிங்கின் நடுவில் தோற்றுக் கொடுத்துவிட்டு வருவாள். அதற்கு நான் பொறுப்பு. அந்த இரவில் நானும் அரங்குக்கு வருகிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன், பலகைகளை ஒருமுறை சரிபார்க்க எனக்கு அனுமதி தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ரிங்கில் பதினோரு ஆண்டுகள் ஆடிய ஒரு பயிற்சியாளர்